பொம்மை வீட்டின் பின்சுவர்

பள்ளிக்கூடம் விட்டு வந்த ரேணு, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்றாள். நான் தரையில் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் ஒரு பொம்மை வீட்டை வைத்து, ஜன்னல் சட்டங்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். ரேணு என் மகள். அந்த வீடு அவளுக்காகச் செய்தது.

முன்பக்கத்தை அவள் ஒரு பார்வை பார்த்ததோடு சரி. சுற்றிக்கொண்டு பின்னால் போய்க் குந்தினாள். பின்சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

“தொடாத, பெயின்ட் காயல.”

“இங்க பெயின்டே இல்ல.”

எட்டிப் பார்த்தேன். இல்லைதான். முன்சுவரும் இரண்டு பக்கச் சுவர்களும் வெண்ணெய் நிறத்தில் பளிச்சென்று இருந்தன. பின்சுவர் மட்டும் வெறும் பலகையாக, பழைய ஆணித் துளைகளோடு நின்றது. அதைச் செய்தவர் என் வீட்டுக்காரர்; பெயின்ட் அடிப்பதே அவருக்குத் தொழில். பூசியவள் நான். இத்தனை நாளாக எங்கள் இருவர் கண்ணிலும் அது ஒரு குறையாகப் படவில்லை.

ரேணு சிரித்தாள். நான் ஊர் திரும்பி வந்த பிறகு என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“அத்தை வீட்ட எப்ப ஒட்டுவீங்க?” என்று கேட்டாள்.

ஒரு சுவர், இரண்டு வீடு

இந்தத் தொடரில் போன வாரம், குவைத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாளா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அதெல்லாம் சினிமாவில் நடக்கும். எங்கள் லயத்தில் அப்படி நடக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்து லயம் என்றால் எல்லாருக்கும் தெரியும், ஆனால் முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே நீளக் கட்டடம். அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு, அந்தப் பக்கம் ஒரு வரிசை வீடு. என் பின்சுவர்தான் பின்வீட்டுக்காரருக்கும் பின்சுவர். அதில் கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. சுவர் கூரைவரை எட்டாது என்பதால் அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். உப்பு வேண்டுமென்றால் வீட்டுக்குள் இருந்தபடியே குரல் கொடுத்துக் கேட்கலாம். வாங்கத்தான் லயத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்படியொரு லயத்தில்தான் குடியிருந்தோம். எங்கள் பின்வீட்டில் இருந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா, பாக்கியம் அண்ணி. புருஷன் இறந்துபோய், பிள்ளையும் இல்லாமல், கொழுந்து பறித்துத் தனியாக வாழ்ந்தவர்.

நான் குவைத்துக்குப் போனபோது ரேணு தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வெளி வேலைக்குப் போகிறவர். பெரகலச் சந்தியில் சாப்பாட்டுக் கடைக்குப் போர்டு எழுத வேண்டும் என்றாலும், பண்டாரவளையில் யாருக்காவது வீடு பூச வேண்டும் என்றாலும் பிரஷ்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை முடிந்தால்தான் வருவார். அதனால் எங்கள் வீடு அநேகமாகப் பூட்டியே கிடந்தது. ரேணு பின்வீட்டில் அண்ணியிடம் வளர்ந்தாள்.

நான் திரும்பி வந்தபோது பாடப் புத்தகம் வாசிக்கிற பிள்ளையாகிவிட்டாள். என்னை அவள் அம்மா என்று கூப்பிடவில்லை. அக்கா என்றோ, ஆன்ட்டி என்றோகூடச் சொல்லவில்லை. எந்த முறையும் வைக்காமல் பேச ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். “இந்தாங்க, அத்தை குடுத்துட்டு வரச் சொன்னாங்க.” “கேக்குதுங்களா, அப்பா எப்ப வருவாங்க?” கறிச் சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் அண்ணியோடு கலகலவென்று பேசுவது கேட்கும். நான் இந்தப் பக்கம் சோறு வடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு வயிறு எரிந்தது. அண்ணி மேல்தான் எரிந்தது. என் பிள்ளைக்குச் சளி பிடித்தபோதெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவர் மேல் எரிச்சல் வருவது நியாயமா என்று கேட்டால், நியாயம் பார்த்தா வயிறு எரிகிறது?

அப்போது எங்கள் தோட்டத்தில் ஏழு பேர்ச் காணி கொடுத்துத் தனி வீடு கட்டிக்கொள்ள விட்டிருந்தார்கள். கீழே ரோட்டோரம் எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நான் குவைத்துக்குப் போனதே அந்த வீட்டுக்காகத்தான். பால் காய்ச்சுகிற அன்று ரேணு என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படி ஏற வேண்டும். அவளாகவே வர வேண்டும், இழுத்துக்கொண்டு போகக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவளை மயக்கத்தான் பொம்மை வீடு. லஞ்சம் என்று நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

குவைத் வீட்டுக்குள் ஒரு வீடு

பொம்மை வீடு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு குவைத்தில்தான் தெரியும்.

நான் வேலை செய்த வீட்டில் சின்ன மகளின் அறையில் ஒன்று இருந்தது. மாடி மேல் மாடி வைத்தது. முன்பக்கம் முழுக்கப் பூங்கொடி படர்ந்த மாதிரி வர்ணம் தீட்டியிருந்தார்கள். கூரை ஓடுகளில் பாசி பிடித்த பச்சைகூட இருந்தது. அந்த ஊரில் நிஜச் சுவரில் பாசியை நான் பார்த்ததே இல்லை. பொம்மை வீட்டுக்கு மட்டும் எங்கிருந்தோ மழை பெய்திருந்தது.

பின்பக்கம் சுவரே கிடையாது. பிள்ளைகள் கையை விட்டு விளையாட வேண்டுமாம், அதனால் திறந்தே விட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை. மணல் காற்று அடித்தால் வீடெல்லாம் தூசி; பழைய டூத்பிரஷ்ஷால் அந்தச் சின்ன ஜன்னல்களைத் துடைப்பது என் வேலை. துடைக்கும்போதெல்லாம் ரேணு ஞாபகம் வரும். கதவைச் சாத்திவிட்டு அழுதிருக்கிறேன்.

இன்னொரு ஞாபகமும் வரும். நான் பிறந்தது கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில். ஸ்கூலில் டீச்சர் ஒருநாள், “உங்க வீட்டை வரைங்க” என்றார். அவர் வெளியூர்க்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நாங்கள் எல்லாரும் கொப்பியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு நீளக் கட்டடம் வரைந்து, வரிசையாகக் கதவுகள் போட்டு, அதில் ஒரு கதவுக்கு மட்டும் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி இட்டோம். அதுதான் எங்கள் வீடு. டீச்சர் ஒவ்வொரு கொப்பியாகப் பார்த்தார். “ஏன் எல்லாரும் ஒரே மாதிரிக் கீறியிருக்கிறீங்கள்?” என்றார். ஒரே மாதிரி எப்படி ஆகும்? புள்ளடி வேறு வேறு கதவில்தானே இருந்தது.

விடாத எழுத்து

குவைத் பொம்மை வீட்டைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவர், பின்பக்கம் திறந்திருக்கும் என்றதும் முகத்தைச் சுளித்தார்.

“பின்னால சுவரு இல்லாம அது என்னா வீடு? பின்வீட்டுக்காரன் நம்ம சட்டி பானைய எல்லாம் எண்ணிருவானே.”

அதனால் பின்சுவரை அடைத்துவிட்டார். கையை விட்டு விளையாடுவதற்குக் கூரையைத் தூக்கி எடுக்கிற மாதிரி வைத்தார். கூரை முன்பக்கம் மட்டும் சரிந்திருந்தது. பின்பக்கம் சரிவே இல்லை. அதையும் அப்போது நான் கவனிக்கவில்லை.

பலகை, தேயிலைப் பெட்டிப் பலகை. தொழிற்சாலையில் பெட்டிக்குப் பதிலாகக் கடதாசிப் பை வரத் தொடங்கிய காலம். பழைய பெட்டிகள் ஆளுக்கொன்று கிடைத்தன. சிலர் அதில் கோழி அடைத்தார்கள், சிலர் துணி வைத்தார்கள். மெல்லிய பலகைதான், ஆனால் ஓரமெல்லாம் சிம்பு சிம்பாகப் பெயரும். வீட்டுக்காரர் சோக்குப் பொடியைப் பசையில் குழைத்து, ஓரங்களிலும் முன்சுவர் ஆணித் துளைகளிலும் அடைத்தார். காய்ந்த பிறகு நான் சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். விரல் நுனி வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்குத் தேய்த்த பிறகுதான் முதல் கை வெள்ளை அடிக்க விட்டார்.

மறுநாள் காலையில் பார்த்தால், வாசலுக்கு மேலே கறுப்பு எழுத்து ஒன்று மங்கலாக எட்டிப் பார்க்கிறது. பெட்டியில் முன்பு குத்தியிருந்த தோட்டத்துப் பேரில் பாதி. இன்னொரு கை வெள்ளை அடித்தேன். அடுத்த நாளும் எழுத்து அதே இடத்தில் வந்து நின்றது.

“என்னாங்க இது, விடாது போல இருக்கே?”

“தோட்டம்னா லேசுல விட்டுருமா?” என்று சிரித்தார். பிறகு அலுமினியப் பெயின்ட் கொஞ்சம் எடுத்து எழுத்தின் மேல் பூசிக் காயவிட்டு, அதற்கு மேல் வெள்ளை அடிக்கச் சொன்னார். எழுத்து அடங்கியது.

அதன் பிறகு என் இஷ்டம். மணலை நன்றாகச் சலித்து வெண்ணெய் நிறப் பெயின்டில் கலந்து பூசினேன். சின்னச் சுவர், நிஜச் சுவர் மாதிரி சொரசொரப்பாக வந்தது. அடியில் மழைச் சேறு தெறித்தால் தெரியாதிருக்க நிஜ வீட்டுக்கு அடிப்பது போலச் செங்காவி நிறத்தில் ஒரு பட்டை. கோடு கோணாமல் இருக்க, நூலில் காவிப் பொடியைத் தடவி இழுத்துப் பிடித்துச் சுண்டினோம். கூரைக்கு பிஸ்கட் பெட்டி அட்டை. மேல் தாளை ஈரத் துணியால் நனைத்து உரித்தால் உள்ளே அலை அலையாக மடிப்பு இருக்கும். அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தால் அசல் தகரம்.

கூரையில் எங்களுக்குள் சண்டை வந்தது. வீட்டுக்காரர் பிரஷ் நுனியில் செங்காவியைத் தொட்டுக்கொண்டு வந்து, “அங்கங்க துரு வெக்கிறேன், அப்பத்தான் தகரம்னு தெரியும்” என்றார்.

“என் வீட்டுக்குத் துரு வேணாம்.”

“காத்துல பறந்துரும், நாலு கல்லாவது தூக்கி வெய்யி.”

“கல்லும் வேணாம். இது புது வீடு.”

“நீ வெச்சுக்கிட்டு இருக்கிறது பொம்ம வீடு,” என்றார். பேச்சை விட்டுவிட்டேன்.

பின்ஜன்னல்

இப்போது முதலில் சொன்ன மத்தியானத்துக்கு வருகிறேன். ரேணு பின்னால் குந்தி, வெறும் பலகையில் கையை வைத்துக்கொண்டு, அத்தை வீட்டை எப்போது ஒட்டுவீர்கள் என்று கேட்டாளே, அந்த மத்தியானத்துக்கு.

அவள் கேட்ட பிறகுதான் எனக்கும் தெரிந்தது. முன்பக்கம் மட்டும் சரிகிற கூரை, ஜன்னல் இல்லாத பின்சுவர், பூசாமல் விட்ட பலகை. நாங்கள் தனி வீடு செய்வதாக நினைத்துக்கொண்டு லயத்தில் பாதியைச் செய்து வைத்திருந்தோம். மீதிப் பாதி எங்கே என்று பிள்ளை கேட்கிறாள். அவள் கேட்டது ரொம்பச் சரி.

எனக்கு அது சுருக்கென்று குத்தியது. அவளுக்காகப் பார்த்துப் பார்த்துப் பூசிய முன்பக்கத்துக்கு ஒரு சொல் இல்லை. பின்னால் அத்தை வீடு வர வேண்டும் என்றதும் சிரிப்பு வருகிறது.

“அத்தை வீடெல்லாம் ஒட்ட மாட்டோம். இது தனி வீடு,” என்றேன்.

அவள் எழுந்து போனாள்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்தேன். பின்சுவருக்கு வெண்ணெய் நிறம் பூசினேன். அது காய்வதற்குள் பொறுமை இல்லாமல் அதிலேயே ஒரு ஜன்னல் வரைந்தேன். பச்சைச் சட்டம், வெள்ளைத் திரை, கீழே பூச்சாடி. நான் வெறும் கோபத்தில் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். பின்பக்கம் ஜன்னல் வைத்த வீடு எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் இருந்ததில்லை. கீழே வீட்டுக்குச் சுவர் எழுப்புகிற மேசன் பாஸிடம் பின்பக்கம் ஜன்னல் வைக்கச் சொல்லியிருந்தேன். அதைத் திறந்தால் நமுனுகுல மலை தெரியும். குவைத்தில் படுத்துக்கொண்டு அந்த ஜன்னலைத்தான் நினைப்பேன்.

ரேணு வந்தாள். நேரே பின்பக்கம்தான் போனாள். நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, ஆசையாகத்தான் சொன்னேன்.

“பாத்தியா? புது வீட்டுக்குப் பின்னால யாரும் இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே கெடையாது. நல்லாக் காத்து வரும்.”

அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். பெயின்ட் ஈரம் கையோடு வந்துவிட்டது. கையைப் பார்த்தாள், வெள்ளைச் சட்டையில் துடைத்தாள். உதடு கோணிக்கொண்டு போனது. சத்தமே வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. நான் தொடப் போனதும் ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலால் அண்ணியின் குரல் வந்தது.

“ஏம்புள்ள, என்னா சொன்ன அவகிட்ட? சோறு வேணாங்கிறா.”

“நான் ஒண்ணும் சொல்லல அண்ணி.”

“சட்டயெல்லாம் பெயின்டு. வெள்ளச் சட்ட, நாளைக்கு எதப் போட்டு அனுப்ப?”

அதன் பிறகு கறிச் சட்டி வந்தால் அண்ணி பக்கத்து வீட்டுப் பொம்பளையிடம்தான் கொடுத்தனுப்பினார். ரேணு எங்கள் இஸ்தோப்புப் பக்கமே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் அவள் சத்தம் குறைந்துபோனது. கீழே வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. பால் காய்ச்ச நாள் பார்க்கிறோம். அவள் என் கையை விட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மண்ணெண்ணெயும் பிளேடும்

வீட்டுக்காரர் போர்டு வேலை முடித்துப் பெரகலவிலிருந்து வந்து பின்சுவரைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

“ஜன்னல் நல்லாத்தான் வந்திருக்கு,” என்றார். பிறகு, “அவளுக்கு வேணாமாக்கும்,” என்றார்.

“ஏன் வேணாம்? அத்தை வீடு இல்லாம அவளால இருக்க முடியாதா?”

“எனக்கு என்னா தெரியும்? வீடு அவளுக்குன்னுதானே செஞ்ச?”

 மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூசுவது சுகமான வேலை. பூசியதை எடுப்பது மாதிரி எரிச்சல் பிடித்த வேலை வேறு இல்லை. மணல் கலந்த பெயின்ட் துணிக்கு வராமல் பிளேடால் சுரண்ட வேண்டியிருந்தது. திரை போனது, பூச்சாடி போனது, பச்சைச் சட்டம் மட்டும் பிடிவாதமாக நின்று கடைசியில்தான் போனது. சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பலகையைப் பழையபடி வெறும் பலகையாக்கினேன். ஆணித் துளைகள்கூடத் திரும்பத் தெரிந்தன.

வீட்டுக்காரர் பெட்டியின் மிச்சப் பலகையில் இன்னொரு பாதி வீட்டை அறுத்து ஆணி அடித்தார். அதற்குக் கூரை மறுபக்கம் சரிந்தது. இரண்டையும் முதுகோடு முதுகு வைத்தோம். லயம் மாதிரியே இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சுத்தியல் சத்தம் கேட்டுத்தான் ரேணு வந்தாள். தூரத்தில் நின்றாள். பிறகு பக்கத்தில் வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். இடைவெளி இல்லை.

“இந்தப் பக்கம் நான் அடிக்கவா?” என்றாள்.

அண்ணி வீட்டு முன்சுவர் நீலம். அவள் கேட்டபடி நீலம் கலந்து கொடுத்தோம். ஒழுக ஒழுக அடித்தாள். கதவுக்குச் சிவப்பு வேண்டும் என்றாள், நிஜக் கதவு அப்படித்தான். அண்ணி கூரைக்குத் துரு வைக்க வேண்டும் என்று அவளே கேட்டபோது வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். தகரம் பறக்காமலிருக்க வாசலில் பொறுக்கிய கற்களைத் தூக்கி வைத்தாள். தரைக்குப் பசை தடவி, வடித்து ஆறிய தேயிலைத் தூளைத் தூவினாள். காய்ந்ததும் நல்ல ஈர மண் நிறம். என் பக்கமிருந்த பாதிக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அதைத் தள்ளி வைக்கவில்லை, ஒட்டியே வைத்திருந்தாள்.

எங்கள் இஸ்தோப்பில் அவள் அவ்வளவு நேரம் இருந்தது அதற்கு முன் இல்லை. பேச்சு மட்டும் பழைய மாதிரிதான். “இந்தாங்க, பிரஷ்ஷு.” “கேக்குதுங்களா, நீலம் முடிஞ்சிருச்சு.”

அண்ணி சொன்னது

பால் காய்ச்சிய அன்று ரேணு ஒரு கையால் என்னையும் மறு கையால் அண்ணியையும் பிடித்துக்கொண்டு படி ஏறினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிவரை மறைத்து வைத்து உங்களை இழுத்தடிக்க எனக்கு விருப்பமில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின ஒரு சாயங்காலத்தை.

மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த அண்ணி, தலையில் கட்டிய துணியை அவிழ்த்தபடி எங்கள் இஸ்தோப்பில் வந்து நின்றார். நான் குவைத்திலிருந்து வந்த பிறகு அவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. எனக்கு அது திமிர் என்று பட்டிருந்தது.

பொம்மை வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஒன் பக்கம் பங்களா, என் பக்கம் துருவும் கல்லுமா? நல்லா இருக்குடி நியாயம்!”

“ஒங்க மருமகதான் அடிச்சா அண்ணி, அவளக் கேளுங்க,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த கையோடு கேட்டுவிட்டேன். “நீங்களும் எங்ககூடப் புது வீட்டுக்கு வந்துருங்க அண்ணி.”

“நான் எங்கிட்டு வாறது? இங்கருந்தாத்தான் காலைல பேர் குடுக்கிற பெரட்டுக்குக் கிட்ட.” அண்ணி கீழே உட்கார்ந்தார். “நான் இந்தப் பக்கம் வந்தா அவ என் சீலையத்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பா. ஒங்கிட்ட ஒட்ட மாட்டா. அதான் வரல. நீ என்னமோ நெனச்சுக்கிட்ட.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒண்ணு சொல்லணும் புள்ள. புது வீட்டுல அவளச் சுவரு ஓரமாப் படுக்கப் போடு. சுவருல கைய வெச்சாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.”

“எந்தச் சுவரு அண்ணி?”

“எந்தச் சுவரு? இந்தா இந்த நடுச் சுவருதான். நீ போன புதுசுல ஒன்னத் தேடி ஒரே அழுக. என்னத்தச் சொல்லி அமத்துறது? அம்மா அந்தப் பக்கந்தான் இருக்கு, தூங்குதுன்னு சொல்லிட்டேன். அன்னைலருந்து கைய சுவருலதான் வெச்சுக்குவா. வீடு பூட்டிக் கெடக்குதுன்னு தெரிஞ்ச வயசுலயும் அப்படித்தான். அம்மா, அம்மான்னு சுவரக் கூப்புட்டுப் பேசிக்கிட்டு இருப்பா. நான் ஒண்ணும் சொல்றதில்ல.”

“நான் வந்த அப்புறம்?”

“நீ வந்த அப்புறம் கூப்புடுறத நிறுத்திட்டா. கை மட்டும் இன்னும் அங்கதான். ஒன்னப் பாத்து வெக்கம். வேற ஒண்ணும் இல்ல.”

அண்ணி எழுந்து போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது, காற்றுதான் என்று அந்தப் பிள்ளையிடம் நான்தானே சொன்னேன். ஈரப் பெயின்டோடு அவள் கையைத் துடைத்தது கண் முன்னால் வந்து நின்றது. என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போனேன். நடுச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். லயத்தில் எல்லாரும் சுவர் வழியாகத்தான் கூப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள். நான் மட்டும் வந்த நாளிலிருந்து ரேணுவை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு அவள் பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

“ரேணு,” என்றேன்.

அந்தப் பக்கம் கொப்பியைப் புரட்டுகிற சத்தம் நின்றது.

“என்னாம்மா?”

நான் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.   அவள் சுவருக்குக் கிட்ட வந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள்.

“அம்மா, இருக்கியா?”

“இருக்கேன்,” என்றேன்.